ஸ்டோரில் வெளிச்சம், லயத்தில் சத்தம்

கரண்ட் போன இரவுக்கு எது துணை, ஜெனரேட்டரா பெட்டரியா? சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து ஒரு கணக்கு.

கரண்ட் போனால் தோட்டத்தில் முதலில் வாய் திறப்பது ஜெனரேட்டர்தான். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குள் இரண்டு தரம் இருமும், கரும்புகை கக்கும், பிறகு ஒரே சீராக உறுமத் தொடங்கும். சற்று நேரத்தில் ஸ்டோர் ஜன்னல்கள் வரிசையாக வெளிச்சமாகும். தள்ளியிருக்கும் பங்களாவிலும் விளக்கு எரியும். சரிவில் கிடக்கும் லயங்களுக்கு வந்து சேருவது அந்தச் சத்தம் மட்டும்தான்.

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை என எந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சத்தத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், இருட்டுக்குச் சொந்தக்காரர் இன்னொருவர் என்று பழகிப்போன ஏற்பாடு அது.

இந்த ஏற்பாடு இப்போது மெல்ல அசைகிறது. லித்தியம் பெட்டரியின் விலை உலகச் சந்தையில் சரிந்துகொண்டே வருகிறது. 2010இல் ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் பெட்டரித் தொகுதிக்கு 1,000 டொலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. 2024இல் அதன் சராசரி விலை 115 டொலர். நம் ஊர்க் கடைக்கு வரும்போது வரி, கப்பல் கூலி, இலாபம் எல்லாம் ஏறிக்கொள்ளும்தான். ஆனாலும் பங்களாவால் மட்டுமே வாங்க முடிந்த ஒரு பொருள், சீட்டுப் பிடித்தாவது லயத்து வீடு வாங்கக்கூடிய இடத்துக்கு இறங்கியிருக்கிறது. அப்படியானால் எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது, யாருக்கு எது பொருந்தும்?

மூன்று இருட்டு, மூன்று பாடம்

முதல் இருட்டு 2022. மார்ச் 31ஆம் திகதி நாடெங்கும் 13 மணி நேர மின்வெட்டு. அன்றிரவுதான் மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன்னால் மக்கள் திரண்டார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தவர் தப்பித்தார் என்று சொல்வதற்கில்லை. டீசல் எங்கே இருந்தது? எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை. ஜூன் மாதம் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா ஆனது. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து, வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று வாகனத்துக்கே அளந்து ஊற்றினார்கள். உரத் தடையின் பின்விளைவும் எரிபொருள் பஞ்சமும் ஒன்றாக அடித்த அந்த ஆண்டில் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 25 கோடி கிலோவுக்குச் சரிந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அது கிட்டத்தட்ட 30 கோடி.

பெட்டரிக்காரருக்கும் அன்று நிம்மதியில்லை. அசிட் பெட்டரி நிரம்ப எட்டுப் பத்து மணி நேரம் வேண்டும். துண்டு துண்டாக வந்துபோன கரண்ட்டில் அது அரை வயிறும் நிரம்பவில்லை. அரை வயிற்றோடே தினமும் வேலை வாங்கப்பட்ட பெட்டரி சீக்கிரமே படுத்துவிடும். எரிபொருள் இல்லாவிட்டால் ஜெனரேட்டர் வெறும் இரும்பு, நிரப்ப வழியில்லாவிட்டால் பெட்டரி வெறும் பெட்டி. இது முதல் பாடம்.

இரண்டாவது இருட்டு 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11.30 மணியளவில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது, நாடே அணைந்தது. குரங்கு பகிடி பல நாள் ஓடியது. அதற்குள் இருந்த விஷயத்தைப் பலர் கவனிக்கவில்லை. உச்சி வெயில் நேரம், கூரைகளில் சோலார் தகடுகள் தகதகத்தன, கீழே வீடுகளில் மின்விசிறி சுற்றவில்லை. மின்சார சபையின் கம்பியோடு இணைத்த சாதாரண சோலார் அப்படித்தான். கம்பியில் உயிர் போனால் அதுவும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. கூரையில் சூரியன் இருந்தாலும் வீட்டில் பெட்டரி இல்லையென்றால் கரண்ட் போன நேரத்தில் பயனில்லை. இது இரண்டாவது பாடம்.

அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஆலைகள் மூடி மின்பாவனை குறைந்த நாட்களில், பகலில் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை அணைத்து வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. பகலில் மிஞ்சுகிறது, மாலை 6.30க்குப் பிறகு தட்டுப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் வைக்க ஒரு பாத்திரம் இல்லாததுதான் குறை. பெட்டரி அந்தப் பாத்திரம்.

மூன்றாவது இருட்டு 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல். நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த மழையில் மலை மாவட்டங்களோடு கேகாலையும் அடிபட்டது. மரம் விழுந்து கம்பி அறுந்தது, பாதை சரிந்தது. பாதை இல்லையென்றால் எரிபொருளும் மலையேறாது, கம்பி இழுக்கிறவர்களும் ஏறமாட்டார்கள். மேகம் கவிந்தால் சோலாரும் நோஞ்சான்தான். இப்படியான நாளில் எந்த மெஷின் பெரியது என்று யாரும் பார்ப்பதில்லை. கையில் இருக்கும் கொஞ்ச மின்சாரத்தை எதற்குச் செலவழிப்பது என்பதே பெரிய காரியம்.

ஓர் இரவின் கணக்கு

ஒரு பேனாவும் துண்டுக் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். லயத்து வீடொன்றில் கரண்ட் இல்லாத இரவுக்கு என்ன வேண்டும்? நான்கு எல்.ஈ.டி. பல்ப், ஒவ்வொன்றும் 9 வாட். பல்பின் கழுத்தில் அச்சடித்திருக்கும், பாருங்கள். நான்கும் சேர்ந்து 36 வாட். மாலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை ஐந்து மணி நேரத்துக்கு 180 வாட்-மணி. மூன்று போன் சார்ஜ் செய்ய 45. கூட்டினால் 225. மின்சார பில்லில் ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்-மணி. ஆக, இரவு முழுவதற்குமான அவசியத் தேவை கால் யூனிட்டைக்கூடத் தொடவில்லை.

இந்தக் கால் யூனிட்டை பெற்றோல் ஜெனரேட்டரில் எடுத்துப் பார்ப்போம். சந்தையில் கிடைக்கும் சிறிய செட் ஒன்றின் சக்தி 1,000 வாட்டை ஒட்டி இருக்கும். அதில் 36 வாட் பல்ப் எரிப்பது ஒரு கூடைக் கொழுந்தை ஏற்ற லொறி பிடிப்பதைப் போன்றது. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எஞ்சின் சுற்றியாக வேண்டும். மணிக்கு அரை லீற்றர் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு இரண்டரை லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் ஓர் இரவுக்கு 750 ரூபா. 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதில் பாதிக்கு மேல் நான்கு பல்புக்கே போய்விடும்.

அதே வேலையை 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் பெட்டரி ஒன்று செய்யும். மூன்று கிலோவுக்குள் எடை, ஒரு கையால் தூக்கலாம். கரண்ட் இருக்கும்போது சுவரில் செருகி நிரப்பினால், இழப்பையும் சேர்த்து 0.3 யூனிட் போகும். யூனிட் 50 ரூபா என்று கூட்டியே போட்டாலும் 15 ரூபாதான். 750க்குப் பக்கத்தில் 15.

மேசை விசிறி எட்டு மணி நேரம், டி.வி. இரண்டு மணி நேரம் என்று சேர்த்தால் தேவை 725 வாட்-மணிக்கு ஏறும். அதற்கு இன்வேர்ட்டரோடு 100 ஆம்பியர்-மணி லித்தியம் தாராளமாகப் போதும். அசிட் பெட்டரி என்றால் 150 ஆம்பியர்-மணி வேண்டும், ஏனென்றால் அதைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். நல்ல அசிட் பெட்டரி ஆயிரம் தடவை நிரப்பி இறக்கத் தாங்கினால் பெரிய காரியம். லித்தியம் இரும்பு பொஸ்பேற் பெட்டரி மூவாயிரம் தடவைக்கு மேலேயே தாங்கும். பல வீடுகளில் கழற்றிப்போட்ட த்ரீவீலர் பெட்டரியை மூலையில் வைத்துப் பல்ப் எரிப்பதைப் பார்க்கலாம். அது எஞ்சினை ஒரு உதை உதைத்துக் கிளப்பச் செய்த பெட்டரி. இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருக்க அதற்குத் தெம்பில்லை, சில மாதத்தில் கையை விரித்துவிடும்.

கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி, ரைஸ் குக்கர் இவற்றைப் பெட்டரிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கேத்தல் ஒன்றே 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதற்கு அடுப்பில் விறகு இருக்கிறது.

ஸ்டோரின் கணக்கு வேறு

இத்தனையும் கேட்டுவிட்டு ஜெனரேட்டரைத் தூக்கி எறி என்றால் அது அறியாமை. ஸ்டோரைப் பாருங்கள். கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு இரவெல்லாம் காற்று ஊதவேண்டும். அரைத்த கொழுந்து நிறம் மாறும் நேரத்தை நிறுத்தி வைக்க முடியாது. காயவைக்கும் மெஷினில் காற்று நின்றால் உள்ளே இருக்கும் தூள் கருகும். மோட்டர்கள் கிளம்பும் கணத்தில் வழமையைப் போல ஐந்தாறு மடங்கு மின்சாரம் கேட்கும். ஸ்டோர் ஒன்றுக்கு 150 கிலோவாட் வீதம் எட்டு மணி நேரம் தேவை என்று வைத்துக்கொண்டால் 1,200 யூனிட். நம் லயத்து வீட்டுக் கணக்கில் அது ஏறக்குறைய ஐயாயிரம் வீடுகளின் ஓர் இரவு. இவ்வளவையும் பெட்டரியில் சேமிப்பது இன்றைக்கு முதலுக்கு மோசம். நன்றாகச் சுமையேற்றிய டீசல் செட் யூனிட்டுக்கு 0.3 லீற்றர் அளவில் குடித்து வேலையை முடித்துவிடும். பெரிய சுமை, நீண்ட நேரம் என்றால் ஜெனரேட்டர்தான்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. அந்த ஆயிரம் வாட் பெற்றோல் செட்டைப் பத்து வீடுகள் கூட்டாக வைத்தால், ஐந்து மணி நேரத்துக்கு மூன்று லீற்றர் போனாலும் வீட்டுக்கு 90 ரூபாதான். தனி வீட்டுக்கு ஊதாரித்தனமான மெஷின், கூட்டுக்கு வந்ததும் கட்டுப்படியாகிறது.

யாழ்ப்பாணத் தீவுகள் இதைப் பெரிய அளவில் கண்டுகொண்டன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் டீசல் எஞ்சினே கதி என்றிருந்தது. அங்கே சூரியன், காற்று, பெட்டரி, டீசல் நான்கையும் ஒன்றாகக் கோக்கும் திட்டத்துக்கு 2022 மார்ச்சில் இந்திய உதவியோடு ஒப்பந்தமானது. அந்த ஏற்பாட்டில் நாளாந்தச் சுமையைத் தாங்குவது சூரியனும் காற்றும் பெட்டரியும், ஆபத்துக்கு நிற்பது டீசல். தோட்டத்துக்கும் அதுவே சரியான வரிசை.

மழை இரைச்சலில் இன்னொரு இரைச்சல்

சப்ரகமுவ மலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை இறங்கியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்திலும் லயத்து வீடுகள் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இரு என்கிறது, 100 என்றால் வெளியேற ஆயத்தமாகு, 150 என்றால் உடனே வெளியேறு. இந்தச் செய்தி இரவு ஒரு மணிக்கு எப்படி வரும்? போனில் வரும், அல்லது ரேடியோவில் வரும். பெருமழை கம்பியை அறுக்கும் இரவும் எச்சரிக்கை வரும் இரவும் பெரும்பாலும் ஒரே இரவுதான். அன்று டி.வி. இல்லாவிட்டால் பரவாயில்லை. போன் செத்திருந்தால் ஆளும் சாகலாம்.

அதனால்தான் பெட்டரியின் எடைக்கும் இங்கே ஒரு மதிப்பு. கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஓடும்போது பிள்ளையை ஒரு கையிலும் மூன்று கிலோ பெட்டரியை மறு கையிலும் தூக்கலாம், ஜெனரேட்டரைத் தூக்க முடியாது. இன்னொன்று, மலை சரியப் போகும்போது மண்ணும் மரமும் சத்தம் கொடுக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பக்கத்தில் ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தம் யார் காதில் விழும்?

புகை இதைவிடப் பெரிய ஆபத்து. ஜெனரேட்டர் கக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொண்டுபோகும். பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. ஒரு வீட்டுத் திண்ணையில் ஓடும் எஞ்சினின் புகை நான்கு வீடுகளுக்குப் பொது. மழை நனைக்கும் என்று உள்ளே இழுத்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. ஜெனரேட்டர் வயரை வீட்டுப் பிளக்கில் நேரே செருகுவதும் அதே அளவு ஆபத்து. உங்கள் 230 வோல்ட் கம்பி வழியே திரும்பிப் போய், மின்மாற்றியில் ஏறி, 11,000 அல்லது 33,000 வோல்ட்டாக வெளியேறும். அந்த நேரம் கம்பத்தில் ஒருவர் கம்பி கட்டிக்கொண்டிருப்பார். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் ஜெனரேட்டரை இணைக்கவே கூடாது.

பெட்டரியும் சாது அல்ல. அசிட் பெட்டரி நிரம்பும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும், குப்பி லாம்பும் அடுப்பும் எரிகிற அறையில் அதை வைக்கக் கூடாது. லித்தியத்தில் மலிவுச் சரக்கு, குத்துப்பட்டது, வீங்கியது எதுவானாலும் தீப்பிடிக்கலாம். இரும்பு பொஸ்பேற் வகை ஒப்பீட்டில் பொறுமையானது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி இந்த மாகாணத்துக்கு வாடிக்கை. வானம் கறுக்கும்போதே சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

இருந்தும் இந்தப் பெட்டரிகள் மாற்றப்போவது எதை என்று நினைத்தால் மனம் ஆறும். தகரத் திரியிட்ட குப்பி லாம்பு சரிந்து எத்தனை பிள்ளைகள் வெந்திருக்கிறார்கள்! அந்தக் காயங்களுக்கு மருந்து கட்டிக் களைத்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரிந்தாலும் உருளாத தடித்த சிறு லாம்பு ஒன்றை வடிவமைத்தார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. 2022 ஆகஸ்டில் 87 ரூபா மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவானபோது அந்த லாம்புக்கும் எண்ணெய் இல்லாமல் போனது.

தண்ணீர் நமது, கூரை யாருடையது?

கித்துல்கலையில் களனி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஒன்று தோன்றும். இந்த ஆற்றின் தலைமாட்டில்தான் 1950இல் பழைய இலக்சபான மின்நிலையம் எழுந்தது. பலாங்கொடைப் பக்கம் சமனலவாவி 1992இலிருந்து 120 மெகாவாட் வரை கொடுக்கிறது. நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த மலையடிவாரத்தில் வாழ்கிறவர்கள் நாம். ஆனால் தலைக்கு மேல் இருக்கும் கூரை நமக்குச் சொந்தமில்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, லயம் தோட்டத்துடையது. கூரை தன் பெயரில் இல்லாதவர் சோலார் ஒப்பந்தத்தில் எந்தப் பெயரில் கையெழுத்துப் போடுவார்? 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ நகரத்து மாடிகளை நிறைத்துவிட்டு லயத்துத் தகரத்தைத் தொடாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டரிக்குப் பத்திரம் வேண்டாம். மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் சட்டம் அடித்து வைக்கும் 100 வாட் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு 300 வாட்-மணிக்குக் குறையாமல் தரும். மப்பு நாளில் அதில் கால்வாசி கிடைத்தால் போதும், போனும் ஒரு பல்பும் உயிரோடு இருக்கும்.

கூட்டாக நடத்துவதும் இந்த மாகாணத்துக்குப் புதிதல்ல. கம்பி எட்டாத காலத்தில் சப்ரகமுவக் கிராமங்கள் பல, ஓடையை மறித்துச் சிறு நீர்மின் யந்திரம் வைத்து, மின்நுகர்வோர் சங்கம் அமைத்து, மாதச் சந்தா வாங்கி, ஆள் வைத்து ஓட்டின. உலக வங்கி உதவியோடு 1997க்குப் பிறகு அப்படிப் பல எழுந்தன. வீட்டுக்குக் கிடைத்தது பெரும்பாலும் 250 வாட்டுக்குள்தான். அதைச் சண்டையில்லாமல் பங்கிட்டார்கள். பக்கத்துக் கிராமம் ஓடையில் செய்ததைத் தோட்டம் பெட்டரியில் செய்யலாம்.

வாங்கும் முன்

முதலில் எண்ணுங்கள், பிறகு கடைக்குப் போங்கள். எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று எழுதிக்கொண்டு போனால் கடைக்காரர் உங்கள் தலையில் பெரியதைக் கட்ட முடியாது.

லித்தியம் என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. இரும்பு பொஸ்பேற்றா என்று கேளுங்கள். உத்தரவாதம் எழுத்தில் இருக்கட்டும்.

ஜெனரேட்டர் இருந்தால் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுங்கள். மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் கெட்டுப்போய் அவசரத்தில் கழுத்தறுக்கும்.

செத்த பெட்டரியை ஓடையில் எறியாதீர்கள். ஈயம் கலந்த தண்ணீரைக் குடிக்கப்போவது கீழ் லயம்.

சொல்லவேண்டியவர்களிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நம்பிக்கை நிதியமும் கம்பனிகளும் ஒவ்வொரு தோட்டத்திலும் பிள்ளை மடுவத்தின் கூரையில் நான்கு தகடும் உள்ளே ஒரு பெட்டரியும் வைக்கட்டும். மழை இரவில் போன் சார்ஜ் செய்ய, ஆஸ்துமாக்காரருக்கு நெபுலைசர் பிடிக்க, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை உட்கார, இடம்பெயர்ந்தவர் படுக்க ஓர் அறையாவது வெளிச்சமாக இருக்கும். இதற்கு ஸ்டோர் ஜெனரேட்டரில் கைவைக்கத் தேவையில்லை. அது ஸ்டோருக்கே இருக்கட்டும். லயத்து வீடு கேட்பது இரவொன்றுக்குக் கால் யூனிட்.